கீறும் கைகளுக்கு ஒரு பெயர் வேண்டும்

மாலையில் அடுப்படி வேலை தொடங்கும் நேரம் பிள்ளைகளின் கையில் தொலைபேசியைக் கொடுத்துவிடுவது இப்போது அநேகமான வீடுகளில் நடக்கின்ற விடயம். அதற்கு முன்னர் அந்த இடத்தில் தொலைக்காட்சி இருந்தது. எதுவாக இருந்தாலும் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பது காட்டூன்தான். ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் தயாரித்துத் தந்த காட்டூன்களை மொழி விளங்காமலே பார்த்துச் சிரித்தவர்கள் எம்மில் பலர் இருப்பார்கள். ஆனால், அந்த முயலையும் பூனையையும் யார் கீறினார்கள், அவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்ற கேள்வியை யாரும் எமக்குக் கற்றுத் தரவில்லை. இம்முறை அதைப் பற்றிக் கொஞ்சம் கதைப்போம்.

கையால் கீறிய படங்களின் காலம் முடிந்துவிட்டது என்று நீண்ட நாளாகச் சொல்லப்பட்டு வந்தது. இப்போது அது திரும்பி வருகிறது என்கிறார்கள். இதில் எது உண்மை, அந்த உண்மையால் வாவிக்கரையில் இருக்கும் எமது பெண் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று பார்ப்பது பயனுள்ளது என நினைக்கிறேன்.

முதலில் இந்த வேலையின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். திரைப்படம் ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்களாக ஓடுகின்றது. கையால் கீறும்போது பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தாலும் செக்கனுக்கு 12 சித்திரங்கள். ஒன்றரை மணித்தியாலப் படத்துக்கு 64,800 சித்திரங்கள் வேண்டும். ஒரு காட்சியில் இரண்டு பேர் நின்றால் இருவரையும் தனித்தனியே கீற வேண்டிவரும். பன் பாய் இழைக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு பன்னாக எடுத்து வைத்தால்தான் பாய் வளரும். பாயில் படுப்பவருக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

இந்தப் பெரிய உழைப்பைக் கணினி மாற்றியது. 1995 இல் 'டோய் ஸ்டோரி' என்ற படம் முழுக்க முழுக்கக் கணினியில் செய்யப்பட்டு வெளிவந்தது. அது பெருவெற்றி பெற்றதும் மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. காட்டூனுக்குப் பெயர்போன டிஸ்னி நிறுவனம்கூட 2004 இல் வந்த 'ஹோம் ஒன் த ரேஞ்ச்' படத்துடன் கையால் கீறுவதை நிறுத்துவதாக இருந்தது. பின்னர் 2009 இல் 'த பிரின்சஸ் அண்ட் த ஃபுரொக்', 2011 இல் 'வின்னி த பூ' என இரண்டு படங்களைக் கையால் கீறி வெளியிட்டது. அதன்பின் அந்த நிறுவனம் முழுநீளக் கைச்சித்திரப் படம் எதையும் திரையரங்குக்குக் கொண்டுவரவில்லை. தமிழிலும் 2007 இல் வந்த 'இனிமே நாங்கதான்', 2014 இல் வந்த 'கோச்சடையான்' ஆகியவை கணினியின் துணையுடன் எடுக்கப்பட்டவையே.

ஆனாலும் கை ஓயவில்லை. ஜப்பானில் ஹயாவோ மியசாகி தனது எண்பதாவது வயதைத் தாண்டிய பிறகும் கையால் கீறிய படமொன்றை 2023 இல் வெளியிட்டார். 'த போய் அண்ட் த ஹெரன்' என்ற அப்படத்துக்கு 2024 இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. அயர்லாந்தில் கில்கெனி என்னும் சிறு நகரத்தில் இருக்கும் 'காட்டூன் சலூன்' என்ற நிறுவனம் தமது நாட்டின் பழைய ஏட்டுச் சித்திரங்களையும் கடல் பற்றிய நாட்டார் கதைகளையும் வைத்தே படங்களைச் செய்து உலகப் பெயர் பெற்றிருக்கிறது. அந்த நிறுவனத்தில் நோரா டுவோமி என்ற பெண் இயக்கிய 'த பிரெட்வின்னர்' (2017), தலிபான் ஆட்சியில் குடும்பத்தைக் காப்பாற்ற ஆண் வேடம் போடும் பர்வானா என்ற சிறுமியின் கதை. எமது நாட்டின் யுத்தத்தில் குடும்பச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்ட சிறுமிகளை அறிந்த எவருக்கும் அந்தக் கதை அந்நியமாக இராது.

இந்தியாவில் இன்னொரு புதுமை நடந்தது. ஜப்பானியரான யூகோ சாகோவும் இந்தியரான ராம் மோகனும் சேர்ந்து செய்த இராமாயணப் படம் 1990களின் தொடக்கத்தில் கையால் கீறப்பட்டது. அதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சித்திரங்கள் கீறப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் அது இந்தியத் திரையரங்குகளில் பெரிதாக ஓடவில்லை. பின்னர் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் புதிய குரல்களுடன் இந்தியத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. முப்பது வருடங்களின் பின்னும் அந்தக் கோடுகள் பழசாகவில்லை.

எனவே, மீள்வருகை என்பது பொய்யல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் கூட்டமாகத் திரும்பி வரவில்லை. தமக்கென்று சொல்ல ஒரு கதை வைத்திருந்த சிறு குழுக்களும் பிடிவாதமுள்ள தனிமனிதர்களும்தான் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெண்கள் பலர் இருக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விடயம்.

ஜேர்மனியில் லொட்டே ரைனிகர் என்ற பெண் கறுப்புத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, நிழலுருவங்களை அசைத்து 1926 இல் 'இளவரசர் அக்மத்' என்ற முழுநீளப் படத்தைச் செய்தார். இன்று அழியாமல் எஞ்சியிருக்கும் முழுநீள அசைபடங்களில் மிகப் பழையது அதுதான். அதாவது டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' 1937 இல் வருவதற்குப் பதினொரு வருடங்கள் முன்னர்.

அந்த 'ஸ்னோ வைட்' படத்தில் பெண்களின் இடம் எது? ஆண்கள் பென்சிலால் கீறிய சித்திரங்களை ஒளிபுகும் தாளில் மையால் பிரதியெடுத்து, நிறம் பூசிக் கொடுத்தவர்கள் இளம் பெண்கள். மயிர் போன்ற கோடு பிசகினால் திரும்பச் செய்ய வேண்டும். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்களின் பெயர்கள் இல்லை. 1938 இல் வேலை கேட்டு எழுதிய பெண்ணொருவருக்கு அந்த நிறுவனம் அனுப்பிய பதில் இன்றும் பேசப்படுகிறது. ஆக்க வேலை முழுவதும் இளைஞர்களுக்கு உரியது, பெண்களுக்கு மை பிரதியெடுப்பதும் நிறம் பூசுவதும் மட்டுமே என்பது அதன் சாரம்.

சமூகவியலில் புலப்படாத உழைப்பு என்று ஒன்றைப் படித்தோம். சமைப்பது, நோயாளியைப் பார்ப்பது, வயலில் களை பிடுங்குவது, கருவாடு காயவைப்பது என எல்லாவற்றிலும் பெண்ணின் கை இருக்கும். பெயர் மட்டும் வேறொருவருடையதாக இருக்கும். வெள்ளித்திரையிலும் அதே கதைதான் நடந்திருக்கிறது.

இதை மாற்றிய பெண்களும் உண்டு. மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் 2006 இல் 'பிரிண்டட் ரெயின்போ' என்ற குறும்படத்தைத் தன் கையாலேயே கீறி, கான் திரைப்பட விழாவில் விருது பெற்றார். பின்னர் 'பொம்பே ரோஸ்' என்ற முழுநீளப் படத்தை எழுதி இயக்கினார். சுமார் 60 ஓவியர்கள் 18 மாதங்கள் சட்டகம் சட்டகமாகத் தீட்டிய படம் அது. சிறுவயதுத் திருமணத்திலிருந்து தப்பி வந்து பூ விற்கும் கமலாவும், காஷ்மீரிலிருந்து வந்த சலீமும் அதில் வருகிறார்கள். 2019 இல் வெனிஸ் நகரில் முதலில் காட்டப்பட்ட அப்படம், 2021 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று இணையத்தில் வெளிவந்தது.

அதேபோல் வங்காள முஸ்லிம் பெண் எழுத்தாளர் ரொகேயா 1905 இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையைத் தழுவி ஸ்பானியப் பெண் இயக்குநர் இசபெல் எர்கேரா 2023 இல் ஒரு படம் செய்தார். பெண்கள் ஆளும் அந்தக் கனவு நாட்டை அவர் காட்டியது மருதோன்றிக் கோலங்களின் பாணியில். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்யாண வீடுகளில் கைகளில் பூக்கின்ற அதே மருதோன்றிதான். பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட ஒரு கலை திரைப்படத்தின் மொழியாக முடியும் என்பதை அது காட்டுகிறது. நீனா சப்னானி 2009 இல் செய்த ஒரு குறும்படத்தில், கச்சுப் பிரதேசப் பெண்கள் துணியில் தைத்த உருவங்கள் அசைந்து, யுத்தத்தால் இடம்பெயர்ந்த கதையையும் பூகம்பத்தில் தப்பிய கதையையும் அவர்களின் குரலிலேயே சொல்கின்றன.

இனி எமது பக்கம் வருவோம். படுவான்கரைக் கிராமமொன்றில் வேலை நிமித்தம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே உயர்தரத்தில் சித்திரம் படித்த ஒரு பிள்ளை. பழைய கொப்பியொன்றின் ஓரத்தில், வாவியில் வலை வீசும் ஒருவரைப் பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றிக் கீறியிருந்தாள். பக்கங்களை விரலால் வேகமாகப் புரட்டினால் வலை விரிந்து தண்ணீரில் விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகக் கண்டுபிடித்தது. தாய் சொன்னார்: "எந்த நேரமும் கீறிட்டுத்தான் இரிக்காள் மிஸ். படம் கீறினாச் சோறு வேகுமா? காமன்ஸுக்குப் போனாலாவது லோனைக் கட்டலாம்." வாரக்கடன் எடுத்த தாயின் பேச்சு அது. அதில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை இப்போது ஆடைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கீறுகிறாள்.

கையால் கீறும் படங்கள் திரும்பி வருகின்றன, ஆகவே எல்லோரும் கீறுங்கள் என்று நான் எழுதினால் அது அந்தத் தாய்க்குச் செய்யும் துரோகம். இந்த வேலை நீண்டது. கூலி நிச்சயமில்லாதது. போதாக்குறைக்கு 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவு மியசாகியின் நிறுவனப் பாணியில் நொடியில் படம் தரத் தொடங்கியது. குடும்பப் படங்களை அப்படி மாற்றி முகநூலில் போட்டவர்கள் எமது ஊரிலும் இருந்தார்கள். இலவசமாகக் கிடைக்கும்போது ஒரு பிள்ளையின் கைக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது.

ஆனால் அந்த இயந்திரம் தருவது ஏற்கெனவே யாரோ கீறியதன் சாயல். வாவியில் எந்த மாதம் தண்ணீர் நிறம் மாறும், வலை வீசுபவரின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்பும், சுனாமிக்குப் பின் ஒரு தாய் கடலைப் பார்க்கும் பார்வை எப்படியிருக்கும் என்பதையெல்லாம் இங்கே இருந்து பார்த்தவரே அறிவார். 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாயிருந்து படம் கீறியும் கதை சொல்லியும் மனக்காயம் ஆறினார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லும் என்பதற்கு எமக்கு வெளியூர்ச் சான்று தேவையில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம்? முழுநீளப் படத்துக்கு எமக்கு வசதி இல்லை. ஆனால் மூன்று நிமிடப் படத்துக்கு ஒரு கைத்தொலைபேசியும் தாளும் நல்ல வெளிச்சமும் போதும். ஒவ்வொரு வருடமும் சிறுவர் துஷ்பிரயோகம், வீட்டு வன்முறை, நுண்கடன் பற்றியெல்லாம் விழிப்புணர்வுப் படங்கள் செய்யப்படுகின்றன. அந்தப் பணம் பெரும்பாலும் தலைநகர நிறுவனங்களுக்குப் போகிறது. அந்த வேலைகளில் சிலதையாவது எமது ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி மாதர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் கேட்கலாம். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காட்சிக் கலை படித்து வெளியேறும் பெண்களை இதில் இணைக்கலாம். வேலை தொடங்கும் முன் கூலி எவ்வளவு, எப்போது, யாருக்கு உரிமை என்பவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். படத்தின் முடிவில் நிறம் பூசியவர் உட்பட எல்லோருடைய பெயரும் வர வேண்டும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். உங்கள் கிராமத்திலும் கொப்பி ஓரத்தில் கீறிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒருத்தி நிச்சயம் இருப்பாள். அவளிடம் "என்ன கீறுகிறாய்?" என்று கேட்பதோடு நிற்காமல், "இதற்கு எத்தனை மணித்தியாலம் எடுத்தது?" என்றும் கேளுங்கள். அது உழைப்பு என்பதை அவளும் அவளின் தாயும் ஒன்றாகக் கேட்கட்டும்.