கூலிங் இருக்கா? – பீருக்கு மார்க் போடுறதைப் பத்தி

முன்குறிப்பு: "குடிங்க"ன்னு சொல்ற பதிவு இல்ல இது. குடிக்காதவங்க தாராளமா படிக்கலாம். குடிக்கிறவங்க கண்டிப்பா படிக்கணும்.

நம்ம பக்கம் பீர் வாங்கப் போறவர் கேக்கிற கேள்வி மொத்தமே ரெண்டு. ஒண்ணு, "கூலிங் இருக்கா?" இன்னொண்ணு, "ஸ்ட்ராங் இருக்கா?" மூணாவதா ஒரு கேள்வி கேட்ட ஆளை நான் இன்னும் பாக்கல. இட்லி கடையில "சட்னி என்ன?"ன்னு கேக்குறோம். மாம்பழக் கடையில மோந்து பாத்து, அமுக்கிப் பாத்து, கடைக்காரர் திட்டுற வரைக்கும் போறோம். பீர்னு வந்தா மட்டும் நாக்கைக் கழட்டி வீட்டுல வெச்சிட்டுப் போயிடுறோம்.

அந்த மூணாவது கேள்வி, "ருசி எப்படி?" அதைப் பத்திதான் மக்கா இந்தப் பதிவு.

அமெரிக்காவுல இந்தக் கேள்வியையே ஒரு படிப்பா வெச்சிருக்காங்க. பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார் பண்ண பிஜேசிபின்னு ஒரு அமைப்பு இருக்கு. அவங்க மார்க் ஷீட்ல மொத்தம் 50. வாசனைக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில உக்கார்ற கனத்துக்கு 5, மொத்தத்துல எப்படிங்கறதுக்கு 10. கூட்டிப் பாருங்க, சரியா வரும். இதுல கிக்குக்குன்னு தனி மார்க்கே கிடையாது. நம்மாளுங்க கேட்டா "அப்புறம் எதுக்குய்யா காசு குடுத்து வாங்கணும்?"னு கேப்பாங்க :-)

ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி வேலையா 2018-ல ரெண்டு மாசம் டெட்ராய்ட் பக்கம் இருந்தேன். மிச்சிகன் மாநிலம் கார்களுக்கு மட்டும் இல்ல, சின்னச் சின்ன பீர் ஆலைகளுக்கும் பேர் போனது. வாரக் கடைசியில வேற வேலை? ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கிட்டு இந்த 50 மார்க் கணக்குல போட ஆரம்பிச்சேன். அங்க 120 மில்லி மாதிரி சின்ன கிளாஸ்லயே நாலு வகை வாங்கிப் பாக்கலாம், முழு பாட்டில் வாங்கணும்னு இல்ல. நோட்டுலேர்ந்து நாலு மட்டும் இங்க:

1. சியரா நெவாடா பேல் ஏல் (5.6%). கலிஃபோர்னியா சரக்கு. கென் கிராஸ்மன் 1980-ல சிகோ ஊர்ல ஆரம்பிச்ச ஆலை. கேஸ்கேட்ங்கிற ஹாப்ஸ் பூவோட வாசனை தூக்கல். "கிரேப்ஃப்ரூட்"னு அங்க எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு வந்தது ஆயா போடுற உப்பு நார்த்தங்காய் ஜாடியைத் திறந்தா வர்ற வாசனை. 42.

2. பெல்ஸ் டூ ஹார்ட்டட் ஏல் (7%). மிச்சிகன் சொந்தச் சரக்கு. சென்டெனியல்னு ஒரே ஒரு வகை ஹாப்ஸ். முதல் வாய் கசப்பு, பின்னாலயே லேசா ஒரு தித்திப்பு. வேப்பம்பூ பச்சடி பிடிச்சவங்களுக்கு இது புரியும். 44.

3. ஃபவுண்டர்ஸ் பிரேக்ஃபாஸ்ட் ஸ்டவுட் (8.3%). ஓட்ஸ், சாக்லேட், காபி எல்லாம் போட்டுக் காய்ச்சினது. நிறம் அட்டக் கறுப்பு. நேத்து ராத்திரி போட்ட டிகாக்‌ஷனை பால் ஊத்தாம குடிச்ச மாதிரி. ருசிக்கு அள்ளிக் குடுத்தேன், ஒரு கிளாஸுக்கு மேல முடியாது. 43.

4. ஃபவுண்டர்ஸ் ஆல் டே ஐபிஏ (4.7%). ஆர்ப்பாட்டம் இல்லாத ஆளு. ஆல்கஹால் கம்மி, வாசனை ஜாஸ்தி. 40. மார்க்ல கடைசி, ஆனா திரும்ப வாங்கினது இதைத்தான்.

இதை எழுதும்போது ஒண்ணு தெரிஞ்சிது. நம்ம நாக்கு இதுக்கு ஏற்கெனவே ரெடி. கசப்புல பாகற்காய் வேற, சுண்டைக்காய் வத்தல் வேற, வேப்பம்பூ வேறன்னு சின்ன வயசுலயே பிரிச்சுப் பாத்த நாக்கு இது. புளிப்புல நீராகாரம், மோர், மாங்காய். கேழ்வரகை முளைகட்டி, வறுத்து, மால்ட் காய்ச்சினவங்களுக்கு பார்லி மால்ட்டை யாரும் புதுசா சொல்லித்தர வேண்டாம். துவர்ப்புக்குத் தனியா ஒரு சொல் வெச்சிருக்கிற மொழி நம்மளது. அப்ப நாம ஏன் மார்க் போடுறதில்ல? என் பதில்: குறை நாக்குல இல்ல. மார்க் போட மூணு விஷயம் வேணும். தேர்வு வேணும், தேதி தெரியணும், கேக்கிற பழக்கம் வேணும். மூணுமே நமக்குப் பழகல.

முதல்ல தேர்வு. தமிழ்நாட்டுல சில்லறை மது விற்பனை மொத்தமும் 2003 நவம்பர்லேர்ந்து டாஸ்மாக் கையில. 2023-24-ல அது வழியா அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல. விக்கிறவர் ஒருத்தரேன்னா அலமாரியில எது இருக்கணும்னு முடிவு பண்றதும் அவர்தான். நான் யாரையும் திட்டல, ஏகபோகம்னா எந்தத் துறையிலயும் இப்படித்தான். ஒரே ஒரு ஹோட்டல் இருக்கிற ஊர்ல சாம்பாருக்கு மார்க் போட்டு என்ன ஆகப் போவுது?

அமெரிக்காவும் ஒரு காலத்துல இப்படித்தான் கிடந்தது. அங்க 1933-ல மதுவிலக்கை எடுத்தப்போ வீட்டுல ஒயின் செய்ய வழி விட்டாங்க, வீட்டுல பீர் காய்ச்சறது சட்டத்துல விட்டுப்போச்சு. 70-கள் முடியறப்போ நாடு முழுக்க நூறு ஆலை கூட தேறல. விக்கிறது பூரா ஒரே மாதிரி வெளிர் மஞ்சத் தண்ணி. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14-ல ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். வயசு வந்த ஒருத்தர் தன் சொந்த உபயோகத்துக்கு வருஷத்துக்கு 100 காலன் வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட 378 லிட்டர், வரியில்லாம வீட்டுல காய்ச்சிக்கலாம்னு ஆச்சு. கென் கிராஸ்மனே அப்படி வீட்டுல காய்ச்சி, அதுக்கான சாமான் கடை வெச்சு, அப்புறம் ஆலைக்கு வந்தவர்தான். இன்னிக்கு அங்க 9,000 ஆலைக்கு மேல. ருசி கேக்கிற ஜனம் முதல்ல வந்தது, ஆலைங்க பின்னாடி வந்தது.

இந்தியாவுல இந்தக் காத்து புனேயில 2009-ல டூலாலி வழியா, பெங்களூருல 2010-ல டாய்ட் வழியா வீச ஆரம்பிச்சது. மிச்சிகனோட ஆன் ஆர்பர் ஊர்ல 1995-ல தொடங்கின ஆர்பர் ப்ரூயிங் கம்பெனி, 2012-ல பெங்களூரு மக்ராத் ரோட்டுல கடை திறந்தது. அமெரிக்க கிராஃப்ட் பீர் வேணும்னா திருநின்றவூர்க்காரன் கப்பல் ஏற வேண்டாம், அரக்கோணம் போய் பெங்களூரு ரயிலைப் பிடிச்சாப் போதும். வேடிக்கை என்னன்னா, இந்த அமெரிக்கக்காரங்க கொண்டாடுற ஐபிஏவோட முதல் எழுத்தே இந்தியா. 19-ம் நூற்றாண்டுல இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல இங்க வந்த, ஹாப்ஸ் தூக்கலா போட்ட பீர் அது. பேர் நம்மளது, ருசி ஊரான்வீட்டுது.

எங்க ஊர் பூசலார் நாயனாரால பேர் பெற்ற ஊர். கல்லும் காசும் கிடைக்காம மனசுக்குள்ளயே கோயில் கட்டினவர் அவர். அந்த மகானோட பக்திக்கும் என் பீருக்கும் சம்பந்தமே இல்ல, சண்டைக்கு வராதீங்க. கைக்குக் கிடைக்காததை மனசுலயே கட்டிக்கிற பழக்கம் எங்க ஊர்த் தண்ணியில இருக்குன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.

ரெண்டாவது தேதி. பீர் ஒயின் மாதிரி வெச்சு வெச்சுக் குடிக்கிற சமாச்சாரம் இல்ல. பெரும்பாலான பீர் பால் பாக்கெட்டுக்குச் சொந்தக்காரன், கொஞ்சம் ஆயுசு கெட்டி, அவ்வளவுதான். ஹாப்ஸ் வாசனை முதல்ல ஓடிடும். ஆக்சிஜன் சேந்தா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வரும். வெயில் பட்டா ஹாப்ஸ்ல இருக்கிற கசப்புப் பொருள் உடைஞ்சு ஒரு நாத்தம் கிளம்பும். பழுப்பு பாட்டில் அதை ஓரளவு தடுக்கும், பச்சை பாட்டில் அவ்வளவா தடுக்காது. கலிஃபோர்னியாவோட ஸ்டோன் ஆலை 2012-ல ஒரு ஐபிஏ கொண்டு வந்தாங்க. அதோட பேரே "என்ஜாய் பை", கூடவே ஒரு தேதி. இந்தத் தேதிக்குள்ள குடிச்சிடுன்னு அர்த்தம். தேதியையே பேரா வெச்சவங்களும் இருக்காங்க, பாட்டில்ல அச்சடிச்ச தேதியைத் திருப்பிப் பாக்காத நாமளும் இருக்கோம்.

கிங்ஃபிஷர் காய்ச்சற யுனைடெட் ப்ரூவரீஸுக்கு எங்க ஊருக்குத் தெக்கால, பூந்தமல்லி - திருவள்ளூர் ரோட்டுப் பக்கம் ஆலை இருக்கு. பீர் பிறக்கிற இடம் கூப்பிடு தூரத்துல. ஆனா மே மாச வெயில்ல, எந்த ஊர் சரக்கு, எத்தனை மாசம் குடோன்ல கிடந்ததுன்னு லேபிளைப் பாத்துக் கேக்கிற ஆள் எத்தனை பேர்? அதனாலதான் "கூலிங் இருக்கா?" முக்கியமாயிடுது. ஐஸ் மாதிரி சில்லுனு இருந்தா நாக்கு மரத்துப் போயிடும், கெட்டது நல்லது ரெண்டும் தெரியாது. கூலிங்குங்கறது ருசிக்குப் போடுற போர்வை.

மூணாவது பழக்கம். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 5%க்கு மேல 8% வரைக்கும் இருந்தா "ஸ்ட்ராங்". இந்தியாவுல விக்கிற பீர்ல பெரும்பங்கு அதுதான். 650 மில்லி பாட்டில், 8%னா, அதுல சுத்த ஆல்கஹால் 52 மில்லி. நான் சொன்ன 120 மில்லி கிளாஸ் நாலு, சராசரி 6%னு வெச்சாலும் 29 மில்லிக்குக் கீழ. ஷிப்ட் முடிஞ்சு நிக்கிற ஆளுக்குக் குடுக்கிற காசுக்கு எவ்வளவு ஏறும்ங்கிறதுதான் கணக்கு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். வேற எந்தக் கணக்கையும் அவருக்கு யாரும் காட்டலையே.

இப்ப எதிர்க்கேள்விக்கு வர்றேன். "மதுவிலக்கு கேட்டுப் போராடின சசிபெருமாள் 2015 ஜூலை 31-ல உயிரை விட்ட மாநிலம்யா இது. குடியால தாலி போற ஊர்ல ரசனை என்ன வேண்டிக்கிடக்கு?" நியாயமான கேள்வி. ருசி பாத்துக் குடிச்சா குடி குறையும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அமெரிக்காவுலயே மார்க் பட்டியல் உச்சியில 10% தாண்டின கனத்த ஸ்டவுட்டுங்கதான் குவிஞ்சு கிடக்கும். கிக் ஆசை அங்க கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கு, அவ்வளவுதான். மார்க்கை நான் முழுசா நம்பாததுக்கு அதுவும் ஒரு காரணம். மறக்குறதுக்காகக் குடிக்கிற மனுஷனுக்குத் தேவை மார்க் ஷீட் இல்ல, மருத்துவம்.

ஆனா மதுவிலக்கு இல்லாத மாநிலத்துல, அரசே விக்கிற பொருளைப் பத்தி, வாங்குறவன் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு இருக்கிறது யாருக்கு லாபம்? குடிக்கிறவன்னாலே கூனிக் குறுகி, காசை நீட்டி, குடுத்ததை வாங்கிட்டு ஓடணும்னு ஆக்கி வெச்சிருக்கோம். வெட்கப்படுறவன் கேள்வி கேக்க மாட்டான். கேள்வி வராத கடையில சரக்கு மாறாது. கிக்கை மட்டும் கேட்டா கிக்குதான் அலமாரி நிறைய வரும். 4.7%ல வாசனையா ஒரு பீர் வேணும்னு கேக்க ஆள் இருந்தாத்தான் அதைக் காய்ச்ச ஒருத்தன் வருவான். மார்க் போடுறதை நான் ஆதரிக்கிறது இதுக்காகத்தான். வாயில வெக்கிறது என்னன்னு தெரிஞ்சிக்கிற பழக்கம் அது. அரிசிக்கும் எண்ணெய்க்கும் இருக்கிற அந்த உரிமை இதுக்கு மட்டும் இல்லன்னு எந்தச் சட்டம் சொல்லுது?

அதனால குடிக்கிற மக்களுக்கு என் சிபாரிசு மூணு. பாட்டிலைத் திருப்பித் தேதி பாருங்க. சதவீதம் பாருங்க, பாதி ஊத்தினாலே போதுமான்னு யோசிங்க. அப்புறம் சில்லு கொஞ்சம் இறங்கட்டும்னு பத்து நிமிஷம் விட்டு, மோந்து பாத்து, என்ன வாசனைன்னு நம்ம பாஷையில ஒரு வரி எழுதி வைங்க. "சிட்ரஸ் நோட்ஸ்"னு பீலா விட வேண்டாம். நார்த்தங்காய்னா நார்த்தங்காய்.

அரசுக்குச் சிபாரிசு ஒண்ணே ஒண்ணு. விக்கிறதுன்னு முடிவு பண்ணியாச்சு, கம்மி ஆல்கஹாலும் நல்ல ருசியும் உள்ள சரக்குக்கும் அலமாரியில ஒரு வரிசை ஒதுக்குங்க.

உங்க ஊர்க் கசப்பு எது மக்கா? சுண்டைக்காயா, வேப்பம்பூவா? சொல்லுங்க, அந்த வாசனைக்கு ஒரு பீர் தேடிப் பாப்போம்.

டிஸ்கி: குடி உடல்நலத்துக்குக் கேடு. குடிச்சிட்டு வண்டி எடுக்காதீங்க. பழக்கம் இல்லாதவங்க இதைப் படிச்சிட்டு ஆரம்பிக்க வேண்டாம், நார்த்தங்காய் ஊறுகாயே போதும். அதுக்கு நான் 50-க்கு 50 குடுப்பேன்.