மந்தை மறைந்த பிறகு யாருடைய ரத்தத்தைச் சோதிப்பது?

அமேசான் காட்டில் வெள்ளுதட்டுப் பெக்கரிகளின் மந்தை வருவதைக் கண்ணுக்கு முன்பே மூக்கு அறிந்துகொள்ளும். முதுகுச் சுரப்பியின் வீச்சம் முதலில் வரும். பற்களை நறநறக்கும் ஓசை பின்னால் வரும். நூறு, இருநூறு என்று கூட்டமாகத் திரியும் விலங்குகள் இவை. பார்ப்பவர் பன்றி என்றே சொல்வார். ஆனால் நம்மூர்ப் பன்றியின் குடும்பம் வேறு. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய பெக்கரியின் குடும்பம் வேறு.

இவ்வளவு பெரிய மந்தைகளும் சில சமயம் அடியோடு காணாமல் போகின்றன. பிரேசிலின் இகுவாசு தேசியப் பூங்காவில் 1990களில் மறைந்தவை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தே மீண்டும் தென்பட்டன. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 9 நாடுகளில் நேர்ந்த இத்தகைய மறைவுகளைத் திரட்டி, 20 முதல் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது சுழன்று வருவதாகக் காட்டியது. வேட்டை, பசி, நோய் என்று சந்தேகங்கள் பல. நோய் என்றால் எந்த நோய்? வெப்பக்காட்டில் செத்த உடல் விரைவில் மட்கிவிடும். மந்தை போன பிறகு இந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?

ரத்தக் கிருமிதான் காரணம் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. என்றாலும், பன்றி போன்ற விலங்குகளில் ஆய்வாளர்கள் இப்போது தேடிவரும் ஹீமோபிளாஸ்மா கவனிக்க வேண்டிய ஒன்று. செல்சுவரே இல்லாத இந்தப் பாக்டீரியா ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. பெனிசிலின் தாக்குவது சுவரைத்தான் என்பதால் அது இங்கே பலிக்காது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள்தான் கைகொடுக்கும். பண்ணைப் பன்றிக்குட்டிகளுக்கு இது காய்ச்சலும் ரத்தசோகையும் தரும். பல விலங்குகளோ எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமியைச் சுமந்து திரியும். பேன், சண்டைக் காயம், பல உடல்களில் ஏறி இறங்கும் ஒரே ஊசி, இவை போதும் பரவுவதற்கு. ஆய்வகத்தில் இதை வளர்த்தெடுக்க இன்னும் வழியில்லை. நுண்ணோக்கியில் பார்த்தாலோ சாயத் துகள் என்று ஏமாறலாம். ஆகவே பிசிஆர் சோதனையை விட்டால் நம்பகமான வழி வேறில்லை. அதில் மரபணுத் தடயம் கிடைத்துவிட்டது என்பதாலேயே அந்த விலங்கு நோயாளி ஆகிவிடாது. செய்தித் தலைப்புகள் இதை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

அடைப்பில் இருக்கும் விலங்குகளைச் சோதிப்பதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். பிரேசிலில் உரிமம் பெற்ற பண்ணைகளில் பெக்கரிகளை இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். அர்ஜென்டினாவின் இபெரா சதுப்புநிலத்தில் அற்றுப்போயிருந்த கழுத்துப்பட்டைப் பெக்கரிகளை 2015 முதல் வளர்ப்பிடங்களிலிருந்து கொண்டுவந்து விடுகிறார்கள். விடுவதற்கு முன் தனிமைப்படுத்திப் பரிசோதிக்கிறார்கள், நல்ல முறைதான். எங்கே இப்படி விலங்குகளை இடம் மாற்றினாலும், வழக்கமான கால்நடை நோய்ப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால், அறிகுறி காட்டாத ரத்தக் கிருமி கூண்டோடு சேர்ந்து காட்டுக்குள் போய்விடும். அங்கே ஊசி போட்டுக் குணப்படுத்த ஆள் இல்லை.

போதாக்குறைக்கு, ஐரோப்பாவிலிருந்து வந்த காட்டுப்பன்றி பிரேசிலின் பல பகுதிகளில் பெருகிக் கிடக்கிறது. அதைக் கட்டுப்படுத்த 2013இல் அரசே வேட்டைக்கு அனுமதி தந்தது. அங்கே ஆய்வாளர்கள் காட்டுப்பன்றிகளோடு நிற்காமல் வேட்டை நாய்கள், வேட்டைக்காரர்கள், உண்ணிகள் வரை ஹீமோபிளாஸ்மாவைத் தேடினார்கள். காட்டுப்பன்றிகளின் ரத்தத்தில் அது இருந்தது. சில இடங்களில் அதே காட்டில்தான் பெக்கரிகளும் மேய்கின்றன.

பிசிஆருக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் செலவில் பெரும்பங்கு காட்டு விலங்கைப் பிடிப்பதிலும் மயக்குவதிலும் போகிறது. பெருவின் ஒதுக்குப்புறமான அமேசான் கிராமங்களில், உணவுக்காக வேட்டையாடுபவர்கள் வீழ்த்திய விலங்கின் ரத்தத்தை வடிதாளில் சொட்டி உலரவைத்துக் கொடுத்தார்கள். அதைக் கொண்டே ஆய்வாளர்கள் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணித் தொற்றின் அளவைக் கணித்தார்கள். பிசிஆருக்கும் உலர்ந்த ரத்தப் பொட்டு பயன்படும். பிரேசிலில் அனுமதியோடு சுடப்படும் ஒவ்வொரு காட்டுப்பன்றியின் ரத்தத்திலும் இப்படி ஒரு பொட்டு கேட்டு வாங்குவதை அனுமதிச் சீட்டின் நிபந்தனையாகவே சேர்க்கலாம். பெக்கரிப் பண்ணைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போதும் இதையே கேட்கலாம். வேட்டைக்காரருக்கு ஆகும் வேலை ஒரு நிமிடம். தாளின் விலை சொற்பம். சேரும் தாள்களைப் பத்திரப்படுத்தி வைத்தால், அடுத்த முறை ஒரு மந்தை மறையும்போது அதற்கு முந்தைய ஆண்டுகளின் ரத்தம் கையில் இருக்கும்.