எழுதுகிறவர் கூச்சப்படலாமா?

நம் தில்லித் தமிழ் அன்பர்களில் கதை, கவிதை எழுதுகிறவர்கள் எந்தக் குடியிருப்பிலும் நாலைந்து பேராவது உண்டு. "ஏன் சார், முகநூலில் போடக்கூடாதா?" என்று கேட்டால், "நம்மை நாமே தம்பட்டம் அடித்துக்கொள்வதா?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு எழுதுகிறவருக்கு இந்தக் கூச்சம் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து.

பவணந்தியாரே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். தற்புகழ்ச்சி தகாது என்று நன்னூல் பாயிரத்தில் சொன்ன கையோடு, அடுத்த சூத்திரத்திலேயே விலக்குகளையும் தருகிறார். அவற்றுள் ஒன்று, தன் திறமையை அறியாதவர் நடுவே இருக்கும்போது என்பது. பக்கத்து வீட்டுக்காரருக்கு நாம் 'மதராஸி' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சென்னைப் பதிப்பாளருக்கோ நாம் இருப்பதே தெரியாது. நமக்காகவே எழுதியது போலில்லையா?

1965இல் 'கணையாழி' இந்தத் தில்லியிலிருந்துதான் புறப்பட்டது. கி. கஸ்தூரிரங்கன் நடத்திய அந்தச் சிறு இதழில் இந்திரா பார்த்தசாரதி, ஆதவன், சுஜாதா என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள் எத்தனை பேர்! கதை தபாலில் போகும். வாசகர் கடிதம் அடுத்த மாதம் வரும். இன்று அந்த மேடை தபால்தலைச் செலவுகூட இல்லாமல் கைப்பேசிக்குள் இருக்கிறது. ஜெயமோகன் 'வெண்முரசை' 2014 முதல் 2020 வரை தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே தந்தார். மொத்தம் 26 நாவல்கள். அச்சிலும் அவை வந்தன.

அதற்காக, புத்தகம் வெளியான அன்று மட்டும் தலைகாட்டி, எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அட்டைப்படத்தை ஒட்டிவிட்டுப் போவது பயன் தராது. கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் வீட்டுக்கு வரும் உறவினரை நாம் எப்படிப் பார்ப்போம்? முதலில் பிறர் எழுதியதைப் படித்து, மனத்தில் பட்டதை நாலு வரி எழுதுங்கள். 'அருமை' என்று ஒரு சொல்லும் கைகூப்பும் படமும் யாரையும் யாரோடும் சேர்ப்பதில்லை. நம் அன்றாடத்தை எழுதுங்கள். ஜனவரிக் குளிரில் பால்கனியில் வைத்த பொங்கல் பானை பொங்க மறுப்பது கோவில்பட்டிக்காரருக்குப் புதுச் செய்தி. அதை அவரால் எழுத முடியாது.

ஒரு தொல்லை உண்டு. வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும் கவிதையிலிருந்து முதலில் உதிர்வது எழுதியவர் பெயர். 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்போடு அது எழுதியவருக்கே திரும்பி வரும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமையைத் தருகிறதுதான். ஆனால் ஃபார்வர்டு செய்த அத்தை மீது வழக்கா போட முடியும்? முகநூலில் பெயரோடு முதலில் பதிந்துவிட்டு, அந்த இணைப்பையே குழுக்களுக்கு அனுப்புவது மேல். பத்திரிகைக்கு அனுப்ப நினைக்கும் கதையை மட்டும் முழுதாகப் போடாதீர்கள். முகநூலில் வந்ததைச் சில இதழ்கள் ஏற்பதில்லை.

பெரிய தொல்லையும் உண்டு. 'மாதொருபாகன்' எதிர்ப்பின்போது, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே 2015 ஜனவரியில் அறிவித்ததும் முகநூலில்தான். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகே மறுபடி எழுத வந்தார். ஆனால் அந்த அறிவிப்பைப் பார்த்து, முகம் தெரியாத எத்தனையோ பேர் அவருக்காகப் பேசியதும் அதே இடத்தில்தான் என்பதை மறக்கக்கூடாது.

எனக்கு இதிலெல்லாம் பெரிதாகப் படுவது நம் பிள்ளைகள். தமிழில் பேசினால் புரிந்துகொள்கிறார்கள். எழுத்தைக் காட்டினால் விழிக்கிறார்கள். அப்பா முப்பது வருடமாக எழுதுகிறார், மகளால் ஒரு கதைகூடப் படிக்க முடியவில்லை என்ற வீடுகள் இங்கே பல. அந்த மகள் நாள் முழுவதும் கைப்பேசியோடுதான் இருக்கிறாள். ஐந்து நிமிடக் கதையை உங்கள் குரலிலேயே பதிவு செய்து வீட்டுக் குழுவில் போட்டுப் பாருங்கள். "அப்புறம் என்னப்பா ஆச்சு?" என்று ஒரு வரி வந்தால், அது ஆங்கில எழுத்தில் அடித்த தமிழாகவே இருந்தாலும், நூறு விருப்பக்குறிகளை விட எனக்கு அது பெரிது. அப்படிப் பதிந்ததை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லோரும் உட்கார்ந்து கேட்போம்.