சொல்லத் துணியும் இடம்

ஆலையிலும் அலுவலகத்திலும் பணிபுரியும் நம் பங்கு மக்கள் என்னிடம் கூறும் மனக்குறைகளில், ஊதியத்தைப் பற்றியவை நாம் எண்ணுமளவு மிகுதியல்ல. "தவறு நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது சுவாமி, சொன்னால் நம் தலைதான் உருளும்" என்பதே பலருடைய பேச்சு. செவிலியர், பள்ளி எழுத்தர், நூற்பாலைத் தொழிலாளி என வேலை எதுவாயினும் குறை ஒன்றுதான். மேலதிகாரிகளாக இருப்போரோ, "என் கீழுள்ளவர்கள் ஒன்றையும் என்னிடம் சொல்வதில்லை" என்று வருந்துகின்றனர். இவ்விரு சாராரும் ஞாயிறு திருப்பலியில் அடுத்தடுத்த வரிசையில் அமர்ந்திருப்பதும் உண்டு!

இதைக் கேட்கும்போதெல்லாம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்து ஃபிரீமாண்ட் நகரில் இருந்த ஒரு மோட்டார்த் தொழிற்சாலையின் வரலாறு என் நினைவுக்கு வரும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நடத்தியது அது. நாள்தோறும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். பணிநேரத்தில் குடி, திடீர் வேலைநிறுத்தம், தீராத புகார்கள் ஆகியவை அங்கே மலிந்திருந்தன. வண்டிகள் வரிசையாக நகர்ந்து வர, தொழிலாளர் ஒவ்வொருவரும் தத்தம் பாகத்தைப் பொருத்துவர். எது நேரினும் அந்த வரிசை நிற்கலாகாது என்பது அங்கே எழுதாச் சட்டம். திருகாணி சரியாக ஏறவில்லை என்று தெரிந்தாலும் வண்டியை அப்படியே அனுப்பிவிட வேண்டும். பின்னர் வேறொருவர் பிரித்துச் சரிசெய்து கொள்வார். தடுத்து நிறுத்தினால் வேலை போய்விடும் என்ற அச்சத்தில் எல்லாரும் வாய்மூடி இருந்தனர். 1982-இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

1984-இல் ஜப்பானிய டொயோட்டா நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே கட்டடத்தை மீண்டும் திறந்தன. 'நம்மி' என்று அதற்குப் பெயர். நிர்வாகப் பொறுப்பு டொயோட்டாவுடையது. ஆனால் தொழிலாளருள் ஏறக்குறைய 85 விழுக்காட்டினர் பழையவர்களே, தொழிற்சங்கமும் பழையதே. "உதவாக்கரைகள்" என்று ஒதுக்கப்பட்ட அதே மனிதர்கள்!

இம்முறை அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். வேலை செய்யுமிடத்தில் தலைக்குமேல் ஒரு கயிறு ஓடியது. பாகம் பொருந்தவில்லையா, ஐயம் எழுந்ததா, எவரும் அதனை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். இசையொலி ஒன்று கேட்கும். குழுத்தலைவர் விரைந்து வருவார். வருபவர் குற்றவாளியைத் தேடமாட்டார். என்ன தடங்கல் என்று கேட்டு, உடன்நின்று உதவுவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். அங்கிருந்து வெளிவந்த வண்டிகள் விரைவிலேயே ஜப்பானியத் தொழிற்சாலையின் தரத்தை எட்டின. வேலைக்கு வராதோர் தொகை நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவுக்கு இறங்கிற்று.

கயிற்றைக் கட்டுவது ஒரு நாள் வேலை. அதை இழுக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்பதே நாம் ஆராய வேண்டியது. மேலாளர்களும் தொழிலாளர்களும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். அதிகாரிகளின் கார்களுக்கென்று தனி இடம் ஒதுக்கப்படவில்லை. இவை சிறியவை, எனினும் தொழிலாளியின் கண்ணுக்கு முதலில் படுபவை இவையே. இவற்றைவிடப் பெரியது, கடும் நெருக்கடி நேர்ந்தாலன்றி ஆட்குறைப்புச் செய்வதில்லை என்று நிர்வாகம் ஒப்பந்தத்திலேயே அளித்த வாக்கு. 1988-ஆம் ஆண்டளவில் விற்பனை வெகுவாகச் சரிந்தது. வேலை இல்லாமல் பலர் நின்றனர். அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சி வகுப்புகளிலும் பராமரிப்புப் பணிகளிலும் அமர்த்தி ஊதியம் கொடுத்தார்கள். குறையை எடுத்துச் சொன்னால் தண்டனை இல்லை என்று ஆயிரம் முறை அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தாலும், அந்த ஓராண்டு புகட்டிய உறுதியை அது புகட்டியிராது.

இக்காலத்தில் நிறுவனங்கள் தம் ஊழியருக்குப் பேச்சுத்திறன் வகுப்புகள் நடத்துகின்றன. அவற்றின்மீது எனக்குப் பகையில்லை. ஆனால் நம் மக்களுக்கு வாய் இல்லாமலா இருக்கிறது? தேநீர்க் கடையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள்!

ஜெனரல் மோட்டார்ஸ் இதே குழுமுறையைத் தன் வான் நைஸ் தொழிற்சாலையிலும் புகுத்த முற்பட்டது. அதுவும் கலிபோர்னியாவில் இருந்ததே. அங்கே முறை வந்தது, நம்பிக்கை வரவில்லை. ஆட்களைக் குறைப்பதற்கான தந்திரம் இது என்று தொழிலாளர் ஐயுற்றனர், சங்கம் இரண்டுபட்டது, மேற்பார்வையாளர்களுக்கோ பழைய அதிகாரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லை. 1992-இல் அது மூடப்பட்டது. ஃபிரீமாண்ட் தொழிற்சாலையும் என்றென்றைக்கும் நிலைத்துவிடவில்லை. 2009-இல் நொடித்துப்போன ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010-இல் டொயோட்டாவும் கதவை மூடிற்று. நல்லுறவு சந்தை வீழ்ச்சிக்கு மருந்தாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

நம்முள் தலைமையாசிரியர்கள், மேற்பார்வையாளர்கள், கடை முதலாளிகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பணியில் மிக இளையவரை முதலில் பேச விடுங்கள். அவர் ஏதேனும் ஒரு குறையைச் சொன்னால் அப்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மற்றவர்கள் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொன்னதற்கு என்ன செய்தீர்கள் என்பதை மறுவாரமும் பார்ப்பார்கள்.