அயலை அறிதலும் கல்வியே

வட அமெரிக்கப் புல்வெளிகளிற் கோதுமை விளையும் முறையினை நான்கு பக்கங்களில் எழுதிக்காட்ட வல்ல மாணவன், புத்தளத்து உப்பளத்தில் உப்பு விளைவது எங்ஙனம் என்று வினவினால் வாளாவிருக்கின்றான். அவனைக் குறைகூறிப் பயனில்லை. வினாத்தாளில் வாராததைக் கற்குமாறு அவனுக்கு எவரும் கூறினாரல்லர்.

மதுரங்குளிக்கு அயலிலுள்ள கனமூலையையே எடுத்துக்கொள்வோம். தேசப்படத்தில் ஒரு புள்ளிதானும் பெறாத சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதற்கு வடக்கே புத்தளம் கடனீரேரி. தெற்கே முந்தல் ஏரி. இவ்விரண்டையும் தொடுக்கும் ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய். மேற்கே கற்பிட்டி மணற்பரப்பு. கிழக்கே குளங்களும் தென்னந்தோட்டங்களும். புவியியல் கற்பிப்போர்க்கு வேறென்ன வேண்டும்? கடனீரேரி வடபுறத்தே மாத்திரம் கடலோடு கலக்கின்றது. கலா ஓயாவும் மீ ஓயாவும் கொணரும் நன்னீர் வரட்சிக் காலத்தில் அருகிவிட, வெயிலும் காற்றும் நீரை வற்றச்செய்ய, கடல்வாயிலுக்குச் சேய்த்தாயுள்ள தென்பகுதியில் உவர் மிகுகின்றது. உப்பளங்கள் அவ்விடத்தில் அமைந்தமைக்கு இதுவே காரணம். இதனை ஒரு நாட் பயணத்திற் கண்ணாரக் கண்டு கற்கலாம்.

இவ்வறிவு இல்லாதவிடத்து நேரும் இழப்புச் சிறிதன்று. 1980களில் இக்கரையோரமெங்கும் இறாற் பண்ணைகள் பெருகின. கண்டற்காடுகளும் உவர்நிலங்களும் குளங்களாக வெட்டப்பட்டன. பண்ணைகளுட் பல ஒரே கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவுநீரையும் அதே கால்வாயில் விட்டன. ஒருவன் கழித்ததை அடுத்தவன் தன் குளத்துக்குப் பாய்ச்சினான். 1996ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் தோன்றியபோது அது குளத்துக்குக் குளம் பரவியதில் வியப்பென்ன? முதலிட்டோர் பலர் அகன்றனர். வெட்டிய குழிகள் எஞ்சின. நீர் எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றது என்பதை அறிய ஒருவன் விஞ்ஞானப் பட்டதாரியாக வேண்டியதில்லை.

எமது மண்ணிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1807இற் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்கள், ஆறுகள் முதலியவற்றை அகரநிரைப்படுத்தி ஆங்கிலத்தில் ‘சிலோன் கசெற்றியர்’ எனும் நூலை 1834இல் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. முக்குவர், சோனகர் ஆகியோரின் வழக்கங்களையும் ஆராய்ந்தெழுதினார். 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூராக்’ நூலுக்காகவே அவரைத் தமிழுலகம் நினைக்கின்றது. எமக்கோ, தன் அயலைக் கேட்டும் கண்டும் எழுதிவைத்த அந்த இளைஞரே பெரிதாகத் தோன்றுகின்றார்.

அத்தகைய எழுத்து இன்று முன்னிலும் வேண்டப்படுகின்றது. நுரைச்சோலையில் 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் 2011 முதல் 2014 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கியது. 2017 ஏப்ரலிற் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியானபின், தலைநகரின் குப்பையை அருவக்காட்டுக்குக் கொணரும் திட்டம் விரைவுபெற, புத்தளத்து மக்கள் வீதிக்கு வந்து எதிர்த்தனர். கோஷம் எழுப்ப மக்கள் உளர். முன்னர் இக்கிணற்று நீர் எவ்வாறிருந்தது, இத்துறையில் எம்மீன் பிடிபட்டது, இக்காற்று எம்மாதத்தில் எத்திசையினின்றும் வீசியது என்று ஆண்டுதோறும் குறித்துவைத்த ஏடு ஒன்று ஊருக்கொன்றாயினும் இருக்குமாயின், அவர்தம் வாதத்துக்கு அது எத்துணை வலுவளித்திருக்கும்!

ஊர்ப்பற்று ஊர்வெறியாகாதா என்று வினவுவோர் உளர். நியாயமான ஐயமே. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று எமது வகுப்புகளிற் பயில்கின்றனர். “நீ எவ்வூர்?” என்ற வினா அவர்களை இன்னும் தயங்க வைக்கின்றது. பாட்டனார் முசலியையும் மன்னாரையும் சொல்லக் கேட்டவன், கண்டது இம்மணலையே. அவன் இரண்டையும் எழுதட்டும். இவ்வயலின் மரத்தையும் மீனையும் அறிந்து பெயர்சொல்லக் கற்றவனுக்கு இவ்வூரில் உரிமையில்லை என்று சொல்ல எவருக்குத் தகுதியுண்டு?

ஆகவே, இவ்விழாவாண்டில் எமது கல்லூரி ஒரு சிறு காரியத்தை மேற்கொள்ளலாமென்பது எமது கருத்து. எட்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ‘அயலேடு’ ஒன்றை ஓராண்டு எழுதுதல் வேண்டும். தம் ஊரின் குளம், துறை, காணிப் பெயர்கள், கண்டல் வகைகள், உடப்புக் கரைவலையாளரின் அம்பாப் பாடல், கிணற்று நீர்மட்டம் என எதையும் எழுதலாம். முதியோரிடம் கேட்டதாயின் கேட்ட நாளையும் குறித்தல் வேண்டும். புள்ளி இடுதல் கூடாது. இட்டால் மாணவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிடுவர். சிலாபத்தை அடுத்த பம்பலையில் 2016இல் திறக்கப்பட்ட கண்டற்காட்டு அரும்பொருளகத்துக்கு ஆண்டுக்கொரு முறை அவர்களை அழைத்துச் செல்லலாம். ஏடுகளை நூலகத்தில் ஊர்வாரியாக அடுக்கிவைக்க ஓர் அலுமாரி தேவை. பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் வளைவும் மணிக்கூண்டும் அமைக்க முன்வருகின்றனர். அவர்களுள் எவரேனும் இவ்வலுமாரியையும் பேருந்துச் செலவையும் பொறுப்பேற்பாராயின், முதல் ஏடுகளை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம்.