வாசலில் ஒரு காவல் நாய்: உதிரும் முடியும் நம் பொறுப்பும்

நம் சமுதாயத்தில் நாய் வளர்ப்போர் மிகுதியாக இல்லை. ஆயினும் தென்னந்தோப்பும் ஆட்டுக்கிடையும் வைத்திருப்போர், ஊருக்கு வெளியே தனி வீடு கட்டிக் குடியேறியோர், பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் பணிபுரிய முதுமையில் தனித்து வாழும் பெற்றோர் ஆகியோரின் வாசலில் காவல் நாய் இருப்பது இன்று அரிதன்று. வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் விளைநிலக் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் இசைவளித்துள்ளார்கள். இத்தகைய தேவையின்றி வளர்ப்பவரின் நற்கூலியிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று எச்சரித்தும் உள்ளார்கள். வீட்டுக் காவலையும் இத்தேவைகளோடு ஒப்பிட்டு ஏற்ற அறிஞர்கள் உளர். அவ்விவாதத்தை மீண்டும் தொடங்குவது நம் நோக்கமன்று. தேவையின் பொருட்டு வளர்க்கத் தொடங்கிய பின், அந்நாயின் முடி கொத்துக் கொத்தாக உதிரும்போது நாம் நடந்துகொள்ளும் முறையே நம் கவலை.

அவ்வேளையில் பல வீடுகளில் நிகழ்வது யாது? வாசற்படியில் முடி, உலர்த்திய ஆடையில் முடி, ஒருநாள் தொழுகை விரிப்பின் ஓரத்திலும் ஒரு முடி. வீடு பதறுகிறது. நாயைக் கொல்லைப்புறத்தில் குறுகிய சங்கிலியில் கட்டுகிறோம். முடியை ஒட்ட வெட்டிவிடுகிறோம். யாரோ சொன்னார் என்று வண்டியின் கழிவு எண்ணெயை அதன் மேனியில் பூசுகிறோம். இவற்றாலும் தீராவிடில், ஓர் இரவில் தொலைவான தெருவில் இறக்கிவிட்டு வருவோரும் உண்டு. இவை அனைத்தும் தூய்மையின் பெயரால் நடக்கின்றன. ஆனால் தூய்மை பேணலும் உயிருக்கு இரங்கலும் நம் மார்க்கத்தில் ஒன்றையொன்று தள்ளுவன அல்ல. முடி உதிரும் நாயின் விஷயத்தில் இரண்டையும் ஒரே வேலையால் நிறைவேற்றலாம்.

முதலில் சட்டத்தைத் தெளிவாக அறிவோம். கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் உடலும் முடியும் நஜீஸ். ஈரத்தோடு அது பட்ட இடத்தை 7 முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆனால் உலர்ந்த முடி உலர்ந்த இடத்தில் பட்டால் அசுத்தம் அங்கே தொற்றுவதில்லை. தொழுகைக்கு முன் அம்முடியை ஆடையிலிருந்தும் விரிப்பிலிருந்தும் அகற்றிவிட வேண்டும். கழுவ வேண்டிய கட்டாயம் இல்லை. உள்நாட்டு ஊர்களில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் நாயின் உமிழ்நீரே நஜீஸ். முடி பட்டதால் ஆடை அசுத்தமாவதில்லை. மாலிகி மத்ஹபோ உயிருள்ள நாயைத் தூய்மையானதாகவே கருதுகிறது. நாயைத் தொட்டால் உளூ முறிந்துவிடும் என்பது பலர் நெஞ்சில் உறைந்த எண்ணம். நான்கு மத்ஹபுகளிலும் அவ்வாறு இல்லை. உடலில் பட்டதை நீக்குவது வேறு, உளூ முறிவது வேறு. ஒரு முடியைக் கண்டு வீடு முழுவதையும் 7 முறை கழுவுவது தக்வா அன்று, அது வஸ்வாஸ். நம் மத்ஹபின் சட்டத்தில் ஐயம் எழுந்தால் ஊரின் ஆலிமிடம் ஒரு முறை கேட்டுத் தெளிந்துகொண்டு அதன்படி நடப்பதே போதுமானது.

இனி முடி ஏன் உதிர்கிறது என்று பார்ப்போம். நாயின் ஒவ்வொரு முடியும் வளர்ந்து, ஓய்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கிறது. பகல் வெளிச்சத்தின் அளவும் வெப்பமும் இச்சுழற்சியை நடத்துகின்றன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, பொமரேனியன் போன்ற இனங்களுக்கு மேலே முரட்டு முடியும் அடியில் பஞ்சு போன்ற மென்முடியும் என இரண்டு அடுக்குகள் உண்டு. குளிர்நாடுகளில் அந்த அடியடுக்கு ஆண்டிற்கு 2 முறை பெருமளவில் கழலும். நம் வெப்பத்தில், குறிப்பாக வீட்டோடு இருக்கும் நாய்களுக்கு, ஆண்டு முழுவதும் உதிர்ந்துகொண்டே இருக்கும். இது நோயன்று, அதன் படைப்பின் இயல்பு. இத்தகைய நாயின் முடியை ஒட்ட மழிப்பது அதற்குக் குளிர்ச்சி தருவதில்லை. அந்த அடுக்கே வெயிலின் சூட்டை உடலில் ஏறவிடாமல் காக்கிறது. மழித்தால் தோல் வெயிலில் புண்படும். முடி பழையபடி வளராமலும் போகலாம்.

நாம் செய்யத் தக்கது சீப்பினால் வாருதல். நாயின் உடல் உலர்ந்திருக்கும்போது, வீட்டிற்கு வெளியே, கம்பிப்பல் கொண்ட தூரிகையால் முடி படிந்துள்ள திசையிலேயே வார வேண்டும். அடர்ந்த முடி உதிரும் காலத்தில் நாள்தோறும், மற்றக் காலங்களில் வாரத்தில் 2 அல்லது 3 முறை வாரினால் போதும். தரையில் உதிரவேண்டிய முடி தூரிகையிலேயே தங்கிவிடும். வாரும் வேலைக்கென ஒரு பழைய ஆடையையும் ஒரு துடைப்பத்தையும் தனியே வைத்துக்கொள்வது நலம். திரட்டிய முடியைக் காற்றில் பறக்கவிடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

வீட்டைத் துப்புரவு செய்வதிலும் வரிசை முக்கியம். முதலில் உலர்ந்த நிலையில் பெருக்கி எடுத்த பிறகே தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். முடி கிடக்கும் தரையில் நேரே நீரை ஊற்றினால் அது தரையெங்கும் ஒட்டிப் பரவும். ஷாஃபிஈ சட்டப்படி அசுத்தமும் அங்கேதான் தொற்றும். ஆடையில் ஒட்டிய முடியையும் நனைக்கும் முன்பே ஒட்டு நாடாவால் எடுத்துவிடலாம். நாயைக் குளிப்பாட்டுவதற்கு முன் வாருவதும் இதே காரணத்திற்காகவே. உலர்ந்த நிலையில் அகற்று என்ற இந்த ஒரு விதியில் சட்டத்தின் எளிமையும் துப்புரவின் முறையும் ஒன்றாகின்றன. இவற்றோடு, தொழும் அறையும் விரிப்பு வைக்கும் இடமும் நாய் நுழையாதவையாக இருக்கட்டும். நாய்க்கு வெளியே நிழலும் நீரும் கொண்ட ஓர் இடம் இருக்கட்டும்.

அடிக்கடி குளிப்பாட்டினால் உதிர்வு குறையும் என்பது தவறான எண்ணம். தோல் வறண்டு உதிர்வு கூடவே செய்யும். நமக்குரிய சோப்பு அதன் தோலுக்கு ஏற்றதன்று. நாய்களுக்கென உள்ள ஷாம்பூவையே பயன்படுத்த வேண்டும். உணவிலும் கவனம் தேவை. முடி என்பது பெரும்பாலும் புரதமே. வெறும் சோற்றையே தின்னும் நாய்க்கு முடி மங்கி உதிரும். நம் விருந்துகளில் எஞ்சும் பிரியாணியை அதற்கு வைப்பதும் அன்பாகாது. வெங்காயம் நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீன், முட்டை, இறைச்சி ஆகியவை தோலுக்கு வலுவூட்டும்.

இயல்பான உதிர்வுக்கும் நோய்க்கும் வேறுபாடு உண்டு. திட்டுத் திட்டாகத் தோல் தெரிதல், சிவப்பு, பொருக்கு, துர்நாற்றம், ஓயாத சொறிதல் ஆகியவை உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, படர்தாமரை அல்லது தைராய்டு குறைபாட்டின் அடையாளங்களாக இருக்கலாம். சொறியும் படர்தாமரையும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியவை. கழிவு எண்ணெயும் மண்ணெண்ணெயும் மருந்தல்ல. தோலை எரிப்பதோடு, நாய் நக்கும்போது உள்ளே சென்று நஞ்சாகும். அரசு கால்நடை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்வதே அறிவுடைமை.

இன்னும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காவல்தான் தேவை எனில், பனிநாட்டு ஹஸ்கியை மதுரை வெயிலுக்குக் கொண்டுவருவதற்கு என்ன நியாயம் உண்டு? இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் மண்ணின் இனங்கள் குட்டை முடி உடையவை. நம் வெப்பத்தைத் தாங்குபவை. காவலுக்குப் பெயர் பெற்றவை. தேவைக்காக மட்டும் நாய் என்ற மார்க்க வரம்பை மனத்தில் வைத்துத் தேர்ந்திருந்தால், முடி பற்றிய துயரில் பாதி எழாது. ஆசைக்கு வாங்கி அருவருப்புக்குத் துரத்தும் வழக்கம் அந்த வரம்பை இருமுறை மீறுகிறது.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் எடுத்துக் கொடுத்த மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்ததை நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்தார்கள். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் தண்டிக்கப்பட்டதையும் அவர்களே எடுத்துரைத்தார்கள். நாய் வாய் வைத்த பாத்திரத்தை 7 முறை கழுவச் சொன்ன அதே நாவு, நாய்க்கு நீர் கொடுத்தவரின் நற்கூலியையும் சொன்னது. ஒன்றை மட்டும் மனனம் செய்து மற்றொன்றை மறப்பது நமக்குத் தகாது. நம் வாசலைக் காப்பதற்காக உறங்காதிருக்கும் அவ்வுயிர் நம் பொறுப்பிலுள்ள அமானிதம்.

தூய்மையை நேசிக்கும் உள்ளத்தையும் வாயற்ற உயிர்களிடம் இரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.