கம்பங்கூழுக்கு வடமொழிப் பட்டமா?

நாவிலிருந்து ஒரு சொல் போனால் உண்கலத்திலிருந்து ஓர் உணவும் போகும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நெய்வேலி நகரியத்தின் எந்த வட்டத்திலேனும், விடியற்காலை முறைப்பணிக்குப் புறப்படுவோரின் அடுக்களையை எட்டிப் பாருங்கள். பூரி, இரவை உப்புமா, மைதா உரொட்டி! நெஞ்சாங்குலை நோயாளி உள்ள வீடாயின் ஓட்சுக் கஞ்சி! கம்பு எங்கே? கேழ்வரகு எங்கே? வரகும் சாமையும் எங்கே?

1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றுமுன் இச் செம்மண் மேட்டுநிலம் வானத்தை நம்பிய உழவரின் நிலம். கம்பும் வரகும் விளைந்த மண். நிலக்கரிக்காக ஊர்கள் பெயர்ந்தன, புன்செய்கள் சுரங்கங்களாயின. நிலத்தை எடுத்தது நிறுவனம். உணவை எடுத்தது எது? கூழ் குடிப்பது இழிவு என்னும் பொய்ந்நாணமே!

இந் நாணத்தைப் பயன்படுத்திக்கொண்டோர் இருவர். முதல்வர், வணிகர். ஓட்சு என்பது காடைக்கண்ணிக் கூலம். அதிலுள்ள கரையும் நார் குருதிக் கொழுப்பைக் குறைக்கும் என்பது மெய். அது நெஞ்சாங்குலை நோய் வாய்ப்பைக் குறைக்கலாம் எனப் பெட்டியில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்துத் துறை 1997-இலேயே இசைவளித்தது. அக் கூலத்தோடு நமக்குப் பகையில்லை. ஆயின், கரையும் நார் நம் பயற்றிலும் கொள்ளிலும் இல்லையோ? ஐதராபாத்து ஊட்டவியல் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலின்படி, 100 கிராம் கம்பில் நார் ஏறத்தாழ 11 கிராம்; தீட்டிய வெள்ளரிசியிலோ 3 கிராமுக்கும் குறைவு. இதனை எந்த விளம்பரம் உரைத்தது?

இரண்டாமவர், தில்லியார். 2023-ஆம் ஆண்டைச் சிறுகூல ஆண்டாக ஒன்றிய நாடுகள் அவை அறிவித்திருந்தது. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டவுரையில் நடுவணரசு அவற்றுக்குச் சூட்டிய பெயர் 'சிரீ அன்னம்'! கம்பு, தினை, வரகு, சாமை, குதிரைவாலி எனத் தனித்தனிப் பெயரும் சுவையும் உடையவற்றை ஒரே வடசொல்லில் கட்டிவிட்டனர். பண்ணுருட்டிச் சந்தையில் 'சிரீ அன்னம்' கேட்டால் எதனை அளந்து கொடுப்பர்? பயிரிட்டவன் தமிழன், பெயரிடுவோன் பிறனா?

கண்டித்தல் மட்டும் போதாது. உண்டு காட்டல் வேண்டும். முறைப்பணிக்கு ஓடுவோர்க்கு நேரமில்லை என்பது சாக்கு. கம்பங்கூழ் முதல்நாளே ஆக்கி வைப்பது. கம்பை இடித்துப் புடைத்து நொய்யாக்கிக் காய்ச்சி, இரவெல்லாம் புளிக்க விடுக. காலையில் மோர்விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு பருகுக. நீரிழிவுடையார் நீர்த்த கூழை விடுத்துக் களியோ அடையோ கொள்க. நைந்து நீர்த்த மாவு குருதியில் இனிப்பை விரைந்தேற்றும். நான்கு பங்கு சாமைக்கு ஒரு பங்கு உளுந்து அரைத்தால் மெல்லிய இட்டளி. வரகும் பாசிப்பயறும் மிளகும் இஞ்சியும் கூடினால் பொங்கல். அதற்கு நெய் ஒரு தேக்கரண்டி போதும். கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை பிசைந்தால் அடை. இவற்றுள் எதற்கும் எண்ணெய்க் கொப்பரை வேண்டா.

உப்பிலும் விழிப்பு வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்க என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். கூழுக்குத் துணையாக ஊறுகாயும் வற்றலும் அப்பளமும் அடுக்கினால் கூழின் நன்மை குலையும். அளவறிந்து, முன்னுண்டது செரித்தபின் உண்ணுதலே திருக்குறள் 'மருந்து' அதிகாரத்தின் நடுக்கருத்து. கூழ் மருந்துக்கு மாற்றன்று. மருத்துவர் தந்த மருந்தை எவரும் நிறுத்தற்க. நோய் வருமுன் காப்பதே உணவின் பணி.

தமிழ்த் தாய்மாரே! நாளைக் காலை அடுப்பில் கம்போ சாமையோ வேகட்டும். 'இஃது என்ன?' என்று கேட்கும் பிள்ளைக்கு அதன் தமிழ்ப்பெயரைச் சொல்லிப் பரிமாறுங்கள். கடையிலும் அப்பெயராலேயே கேளுங்கள். கேட்பாரில்லாத கூலத்தை உழவன் விதையான். விதையாத கூலத்தின் பெயர் அகரமுதலியில் மட்டுமே எஞ்சும்.

பெயரைக் காப்போம், பயிரைக் காப்போம், அவ்வழியே உயிரையும் காப்போம்!